கடைப் பெயர் யாருக்குச் சொந்தம்? டிரேட்மார்க் பதிவு, முதல் படியிலிருந்து

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடையைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. மங்கிய வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊர்க்காரர்கள் வாய்ப்பழக்கமாகச் சொன்ன பெயர் அது. அந்தப் பெயருக்காக ஒரு வழக்கு திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் தீர்ப்பு வந்தது. டிரேட்மார்க், அதாவது வணிகக்குறி, ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அல்லது சின்னம். அதை முதன்முதலாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சிக்கல் இதுதான். பழைய கடைக்காரர் 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரைப் பதிவு செய்திருந்தார். இன்னொருவர் முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்து, அதையும் பதிவு செய்துவிட்டார். இரண்டு பேர் கையிலும் அரசு கொடுத்த சான்றிதழ் இருந்தது. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவின்படி, ஒரே மாதிரியான குறியை இருவர் பதிவு செய்திருந்தால், பதிவைக் காட்டி ஒருவரை ஒருவர் தடுக்க முடியாது. பின்னால் வந்தவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயரை முதலில் பயன்படுத்தி நல்ல பேர் சம்பாதித்தவரின் உரிமை பதிவுக்கும் மேலானது, அவர் 'பாஸிங் ஆஃப்' என்ற வழியில் வழக்குப் போடலாம், எதிராளி பதிவு வைத்திருப்பது அதற்குத் தடையில்லை என்று சொன்னது. பாஸிங் ஆஃப் என்றால், தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பது.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். பாஸிங் ஆஃப் வழக்கில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது, எதிராளி செய்வது வாங்குபவரை ஏமாற்றும், அதனால் உங்களுக்கு நட்டம். ஒவ்வொன்றுக்கும் பழைய பில், விளம்பரம், சாட்சி என்று தேடி அலைய வேண்டும். பதிவு இருந்தால் சான்றிதழே உரிமைக்கு முதல்நிலை ஆதாரம். இன்னொரு பெரிய வசதி, 134ஆம் பிரிவின்படி பதிவு பெற்றவர் தான் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பாஸிங் ஆஃப் மட்டும் என்றால் எதிராளி இருக்கும் இடத்துக்கோ ஏமாற்று நடந்த இடத்துக்கோ போக வேண்டும். தென்காசிக்காரர் தன் பெயரைக் காக்கச் சூரத்துக்கு ரயில் ஏறுவது சின்ன விஷயமில்லை.

எவையெல்லாம் டிரேட்மார்க் ஆகாது

'பேரை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு' என்று சொல்பவர்களிடம் எதில் என்று கேட்டால், பெரும்பாலும் ஜிஎஸ்டி என்பார்கள். சிலர் உணவுப் பாதுகாப்பு உரிமம், சிலர் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, சிலர் கம்பெனிப் பதிவு, சிலர் இணைய முகவரி. இவற்றில் எதுவும் பெயருக்கு உரிமை தராது. ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கான எண். கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை ஒப்புக்கொண்டார் என்பதாலேயே அந்தப் பெயரில் பொருள் விற்கும் உரிமை வந்துவிடாது. பத்து வருடம் ஜிஎஸ்டி கட்டியவர்கூட, அதே பெயரை வேறொருவர் டிரேட்மார்க் ஆக்கிவிட்டால் அவர் அனுப்பும் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தக் காகிதங்கள் வீண் அல்ல. இந்தத் தேதியிலிருந்து இந்தப் பெயரில் தொழில் செய்தேன் என்பதற்கு நல்ல சாட்சிகள் இவை.

பெயர் தேர்வு: பாதிப் போராட்டம் இங்கேதான்

'செம்பருத்தி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு இதைப் பெயராகக் கேட்டால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பதிவகத் தேர்வாளர் மறுப்பார். எண்ணெயில் போடும் பொருளின் பெயர் அது. அதை ஒருவருக்கே எழுதிக் கொடுத்தால் மற்ற எண்ணெய்க்காரர் எல்லாம் என்ன சொல்லி விற்பார்கள்? இதே சொல்லைக் கடலை மிட்டாய்க்கோ சைக்கிளுக்கோ கேட்டால் நல்ல குறி. பொருளுக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லாததால், அது விற்பவரை மட்டுமே நினைவூட்டும். பெயரின் பலம் சொல்லில் இல்லை, சொல்லுக்கும் சரக்குக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் 'சுத்தமான நெய்', 'ருசி மசாலா' என்று பொருளை வர்ணிக்கும் பெயரை விரும்புவது இயல்பு, விளம்பரச் செலவு குறையும் என்று நினைக்கிறார்கள். அந்த மிச்சம் பின்னால் வக்கீல் செலவாகப் போகும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். ஐடிசி தன் யிப்பி நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று போட்டது. நெஸ்லே மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டதும் வழக்கு வந்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம், 'மேஜிக்' என்பது பொருளைப் புகழும் சொல், 'மசாலா' எல்லோருக்கும் பொது, இதை யாரும் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்று ஐடிசியின் கோரிக்கையைத் தள்ளியது.

தெய்வப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற சொல்லைத் தனியாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தன் தனிச் சொத்தாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. தனித்து நிற்கும் தெய்வப் பெயரைவிட, அதோடு உங்களுக்கே உரிய வேறொரு சொல் சேர்ந்த பெயர் தேறும். ஆனால் அப்போதும் உரிமை மொத்தப் பெயருக்குத்தான். 'முருகன்' என்ற பாகத்தை மட்டும் பிடித்து அடுத்த கடைக்காரரைத் தடுக்க முடியாது.

ஊர்ப்பெயரும் அப்படியே. 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அது அந்த வட்டாரத்தில் முறைப்படி செய்யும் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அங்கே செய்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொண்டு அந்தப் பெயரைப் போடலாம், தன் கடைப் பெயரை டிரேட்மார்க் ஆக்கலாம். இரண்டும் வேறு வேறு பதிவேடுகள்.

45 வகுப்புகள்

உலகத்தில் விற்கும் எல்லாவற்றையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நீங்கள் கேட்கும் வகுப்பில், நீங்கள் எழுதிய பொருளுக்குத்தான் பதிவு கிடைக்கும். வீட்டுச் சரக்கு செய்து விற்பவர்கள் இங்கே தவறுவதுண்டு. முறுக்கு, கடலை மிட்டாய், அல்வா, கருப்பட்டி, மசாலாப் பொடி, காபித்தூள் எல்லாம் 30. ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், உருளைக்கிழங்கு சிப்ஸ் 29. அதாவது ஒரே அடுப்பில் பொரித்த முறுக்கும் சிப்ஸும் வேறு வேறு வகுப்பு. சோப்பு, தலை எண்ணெய், ஊதுபத்தி 3. மருந்து 5. ஆயத்த ஆடை 25, துணி 24. அடுத்தவர் தயாரித்ததை வாங்கி விற்கும் கடை 35. ஓட்டல் 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம் என்பதால், எது உங்கள் முதன்மைச் சரக்கோ அதில் முதலில் பதியுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உறுதியாக இறங்கப்போகும் சரக்குக்கும் சேர்த்துக் கேட்கலாம். எல்லா வகுப்பிலும் கேட்டு வைப்பது வீண். பதிவான பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத குறியை நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்ட எவரும் 47ஆம் பிரிவில் மனுப் போடலாம்.

வகுப்பு வேறானால் மோதல் இல்லை என்று நம்பிவிடவும் கூடாது, வகுப்பு ஒன்றானால் மோதல் உறுதி என்றும் இல்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' 1985 முதல் இருக்கிறது. பெங்களூருவின் 'நந்தினி டீலக்ஸ்' ஓட்டல் 1989 முதல் நடக்கிறது. ஓட்டல்காரர் உணவுப் பொருள்களுக்குப் பதிவு கேட்டபோது கூட்டமைப்பு எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஓட்டல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சின்னம் வேறு, விற்கும் சரக்கு வேறு, ஒரே வகுப்புக்குள் வந்தாலும் மக்கள் குழம்பமாட்டார்கள் என்றது. பாலும் பால் பொருளும் மட்டும் அந்தப் பதிவில் வராது. மருந்தில் இந்தத் தாராளம் கிடையாது. பெயர் மாறி வேறு மாத்திரை கைக்கு வந்தால் உயிர்ச்சேதம் என்பதால், மருந்துப் பெயர்களில் கண்டிப்பு கூடுதலாக வேண்டும் என்று 2001இல் காடிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது.

தேடல்

விண்ணப்பிக்கும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சொல்லாகத் தேடும் பக்கம் ஒன்று, ஒலி ஒற்றுமையைத் தேடும் பக்கம் ஒன்று. தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். செம்பருத்தியையே ஆங்கில எழுத்தில் 'எஸ்' போட்டும் எழுதுவார்கள், 'சி, எச்' போட்டும் எழுதுவார்கள். நடுவில் 'பி' (b) போடுவாரும் 'பி' (p) போடுவாரும் உண்டு, 'டி'யோடு 'எச்' சேர்ப்பாரும் சேர்க்காதவரும் உண்டு. ஒரு பெயருக்கு ஆறேழு எழுத்துக்கூட்டு வரும். அத்தனையும் தேடுங்கள். அதே பொருள் தரும் ஆங்கில, இந்திச் சொற்களையும் தேடுங்கள். 'தாமரை'க்கு விண்ணப்பித்தவர் முன் 'லோட்டஸ்' வந்து நிற்பது நடக்கக்கூடியது. ஒப்பிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவது சரியான வழியில்லை. போன மாதம் வாங்கியதை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண ஆள், கடையில் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது குழம்புவாரா என்பதே கேள்வி. 'அம்ருத்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களை வைத்து உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டது. அதனால் ஓடுகிற பெயருக்கு முன்னால் 'நியூ', 'ஸ்ரீ', 'ஒரிஜினல்' ஒட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்பது நடக்காது.

விண்ணப்பம்

படிவத்தின் பெயர் டிஎம்-ஏ. தமிழ்நாட்டுக்காரருக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிக்கும் அதுவே. இணையவழியில் போட்டால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழிலுக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000 ரூபாய். காகிதத்தில் போட்டால் 5,000, 10,000. வக்கீல் அல்லது ஏஜென்ட் கட்டணம் இதற்கு வெளியே. கூட்டு நிறுவனமோ பிரைவேட் லிமிடெட்டோ சலுகைக் கட்டணம் கேட்டால் உத்யம் சான்றிதழை அன்றே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதியைக் கட்டச் சொல்லி விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

விண்ணப்பதாரர் பெயர்தான் பல குடும்பங்களைப் பிரிக்கும் இடம். கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. தனி உரிமையாளர் கடையென்றால் உரிமையாளர் பெயரில்தான் போட வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரர் பெயரும் வர வேண்டும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைக்கு 'இப்போதைக்கு என் பேர்ல போட்டுக்கிறேன்' என்று ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால், பதிவேட்டில் பெயர் அவருடையது. பிரியும் நாளில் மற்றவர் வெறுங்கையோடு நிற்பார்.

சொல்லாகப் பதிவதா, லோகோவாகப் பதிவதா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதியுங்கள். எழுத்து வடிவம், நிறம் எப்படி மாறினாலும் அது காக்கும். பெயர் கொஞ்சம் பலவீனமானது என்றால் லோகோவோடு சேர்த்துக் கேட்பது எளிதில் தேறும், ஆனால் காவல் அந்தத் தோற்றத்தோடு நிற்கும். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் செல்லும். குறியில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். இதை விட்டுவிட்டு ஆட்சேபம் வாங்குவது அநாவசியம்.

'எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற கட்டம் சின்னதாக இருக்கும், விண்ணப்பத்தில் அதைவிட முக்கியமானது வேறில்லை. ஏற்கனவே பயன்படுத்தினால் முதல் தேதியைப் போட்டு, உறுதிமொழிப் பத்திரமும் அந்தக் காலத்து பில், லேபிள், விளம்பரமும் இணைக்க வேண்டும். தேடி எடுக்கச் சோம்பல்பட்டு 'இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறோம்' என்று போடுபவர்கள், இருபது வருட உழைப்பைத் தாங்களே அடித்துவிடுகிறார்கள். பின்னால் மாற்றக் கேட்டால் அனுமதி கிடைப்பது அரிது. பொய்யாகப் பழைய தேதி போடுவது அதைவிட மோசம். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் உண்மையான பகுதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆட்சேபமும் எதிர்ப்பும்

இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலை ஒற்றைச் சொல்லில் வரும். 'அப்ஜெக்டட்' என்றால் பதிவகத் தேர்வாளரே கேள்வி கேட்டிருக்கிறார். 'அப்போஸ்டு' என்றால் வெளியாள் ஒருவர் எதிர்த்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கெடுவைத் தவறவிடுவது நடக்கிறது.

தேர்வாளர் தன் கேள்விகளை எழுதி அனுப்புவது தேர்வறிக்கை. அதற்குப் பதில், கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள். 9ஆம் பிரிவில் ஆட்சேபம் வந்தால் பெயர் பலவீனம் என்று பொருள். விண்ணப்பத் தேதிக்கு முன்பே மக்கள் இந்தப் பெயரை உங்களோடு சேர்த்து அறிந்திருந்தார்கள் என்பதற்கு விற்பனைக் கணக்கும் விளம்பரச் செலவும் காட்ட வேண்டும். 11ஆம் பிரிவு என்றால் ஏற்கனவே யாரோ இருக்கிறார். அப்போது முதல் வேலை, அறிக்கையில் காட்டியிருக்கும் அந்தக் குறியின் நிலையைப் பார்ப்பது. அது கைவிடப்பட்டோ புதுப்பிக்காமல் நீக்கப்பட்டோ இருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். உயிரோடு இருந்தால் சரக்கு வேறு, தோற்றம் வேறு என்று வாதாடலாம். மோதும் பொருளை மட்டும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கலாம். அவரிடமே சம்மதக் கடிதம் வாங்கலாம். எங்கிருந்தோ நகலெடுத்த பொதுப் பதிலை அனுப்பினால் நேர் விசாரணைக்குத் தேதி விழும். விசாரணை இப்போது வீடியோவில் நடக்கிறது. பதிலும் போடாமல் விசாரணைக்கும் வராமல் இருந்தால் விண்ணப்பம் போச்சு. கடிதங்கள் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குத்தான் போகும், அவர் தொழிலை விட்டுப் போனாலும் அங்கேயே போகும். அதனால் மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

தேர்வில் ஏற்கப்பட்ட குறி வாராவாரம் வெளியாகும் டிரேட்மார்க் இதழில் வரும். அன்றிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கலாம், கட்டணம் வகுப்புக்கு 2,700 ரூபாய். எதிர்ப்பு நோட்டீஸ் கிடைத்த 2 மாதத்துக்குள் எதிர்வாதம் போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவாளருக்கு இந்த இரண்டு கெடுவையும் நீட்டும் அதிகாரம் இல்லை. பெரிய நிறுவனங்கள் சிறு கடைக்காரரை எதிர்க்கும்போது, அவர் பயந்து பேசாமல் இருந்துவிடுவார் என்ற கணக்கிலும் எதிர்ப்பதுண்டு. நியாயமான பெயர் வைத்திருப்பவர் அந்த 2 மாதத்தை விடவே கூடாது.

பதிவுக்குப் பிறகு

பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு பத்துப் பத்தாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், கட்டணம் 9,000. தவறினால் அடுத்த ஆறு மாதத்துக்குள் கூடுதல் கட்டணத்தோடு, அதற்குப் பின் என்றால், பதிவு முடிந்து ஒரு வருடம் நிறைவதற்குள் மீட்பு மனுவோடு. அதையும் தாண்டினால் முதலிலிருந்து.

பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவான பிறகுதான் போடலாம். விண்ணப்பித்த மறுநாளே அட்டைப் பெட்டியில் அச்சடிப்பதைச் சட்டம் தடை செய்கிறது.

போலிச் சரக்கு வந்தால் குற்றவியல் வழியும் உண்டு. தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சோதனையும் பறிமுதலும் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் செய்யலாம், அதற்கு முன் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். அந்த நேரத்துக்குள் சரக்கு இடம் மாறிவிடும் என்பதால் பலர் சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையையே முதலில் கேட்கிறார்கள்.

கடைசியாக, லோகோ வரைந்து கொடுத்தவரிடம் ஒரு காகிதம் வாங்க வேண்டும். படத்தின் காப்புரிமை (காப்பிரைட்) வேறு சட்டத்தில் வருகிறது. காசு கொடுத்துவிட்டதால் மட்டும் அது உங்கள் கைக்கு வந்ததாக நம்பியிருக்க வேண்டாம். உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதை 5 வருடம் என்றே கொள்ளும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால் 'காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்ற வார்த்தைகளை அந்தக் காகிதத்தில் மறக்காமல் எழுதி வாங்குங்கள். அதை வைக்கும் கோப்பிலேயே வருடத்துக்கு ஒரு பழைய பில், ஒரு லேபிள், ஒரு விளம்பரத் துண்டு என்று போட்டுக்கொண்டே வாருங்கள்.